நல்ல தண்ணீர் ஒரு கரண்டி

வாலிநோக்கத்துக் கிணற்று நீரில்
மைக்கட்டி இழைத்தால் திரிந்துவிடுகிறது.
எலுமிச்சை பட்ட பால் மாதிரி
கரி ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம்.
உப்பின் வேலை.
இங்கே எல்லாமே உப்பின் வேலைதான்,
என் சம்பளம் உட்பட.

கோபேயில் வாங்கியது என்று
ரயீசுதீன் கொண்டுவந்து தந்த கட்டி.
எஞ்சின் அறையில் கிரீஸ் துடைப்பவனுக்குக்
கறுப்பில் இத்தனை ருசி இருக்குமென்று
யார் கண்டது.
விளக்குப் புகையும் தோல் பசையும்.
முகர்ந்தால்
அப்போதுதான் அணைத்த திரி.

கூடவே ஒரு தாள், கோடுகளின் பெயர்கள்.
ஓரத்தில் அவன் பென்சிலில் கிறுக்கிய தமிழ்:
இரும்புக்கம்பி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமன்.
ஆணித்தலை எலிவால், ஊன்றித் தொடங்கி
ஒன்றுமில்லாமல் போவது.
பறக்கும் வெள்ளை, தூரிகை காய்ந்து
கோட்டுக்குள்ளேயே தாள் தெரிவது.
(இது தப்பில்லையாம் மச்சான், இதுக்குத்தான் காசு.)

இரும்புக்கம்பி எனக்குப் பழக்கம்.
பதினோரு வருடமாய் உப்பளத்து வருகைப் பதிவேட்டில்
ஸ்கேல் வைத்து இழுக்கிறேன்.
வராதவர் பெயருக்கு நேரே முழுக்கோடு.
பிந்தி வந்தால் அரைக்கோடு.

மற்றவை வரவில்லை.
மணிக்கட்டு அசையக் கூடாதாம்,
முழங்கை அந்தரத்தில் நிற்க வேண்டுமாம்,
கோடு தோளிலிருந்து இறங்க வேண்டுமாம்.
எடைச்சீட்டுகளின் பின்பக்கம் நூறு தீர்ந்தது.
நூறிலும் ஊர்ந்தது அட்டை.

ஜன்னலுக்கு வெளியே பூமயில் உப்பு வாரினாள்.
பலகையை ஊன்றினாள், உடம்பைப் பின்னால் சாய்த்தாள்,
வரப்பு நெருங்கியதும் கை லேசானது.
பாத்தியின் தரையில்
தலை பெருத்து வால் மெலிந்த ஈரத்தடம்.
மணிக்கட்டு அசையவேயில்லை.

"என்ன கணக்குப்புள்ள, எடை குறையுதா?"
இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அலுவலகத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவதும் அவள்தான்.
மணலில் தோண்டிய ஊற்று,
சிரட்டை சிரட்டையாய் ஊறும்வரை உட்கார்ந்து
நிரப்பிய குடம்.
அதிலிருந்து எடுப்பேன் ஒரு கரண்டி.
அந்த நீரில் மை திரிவதில்லை.
பட்டுப்போல் கறுக்கிறது.

வியாழக்கிழமை ஊற்று மெதுவாய் ஊறியிருக்கிறது.
ஒன்பதே காலுக்கு வந்தாள், இடுப்பில் எங்கள் குடத்தோடு.
ஸ்கேல் வைத்தேன்.
அரைக்கோடு.

ஜப்பான் கோட்டையும் அழித்துத் திருத்த முடியாது,
பதிவேட்டையும் முடியாது.
ஒன்றில் தாள் காட்டிக்கொடுக்கும்.
மற்றதில் தணிக்கைக்காரன்.

அன்று சாயங்காலம் பூநாரை வரைந்துகொண்டிருந்தேன்.
கால் ஒரே இழுப்பு,
முட்டியில் ஒரு மூச்சளவு ஊன்றல்,
அப்புறம் எலிவால்.
முதல் தடவையாக அட்டை ஊரவில்லை.
காலிக் குடம் எடுக்க வந்தவள்
தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"காலிருக்கு. தண்ணி எங்க?"

"வரையாம விட்ட இடம்தான் தண்ணி."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.
"எங்க தெருவுலயும் அப்படித்தான்.
குழாய வரஞ்சிட்டாங்க.
தண்ணிய விட்டுட்டாங்க."

சிரிப்பு முடியும்போது
கண் பதிவேட்டில் இருந்தது.
எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தேடி
விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள்.
"இதுவும் நீங்க போட்டதுதானா?"

"ஆமா."

"இது நேரா இருக்கு" என்றாள்.
குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாவது காலைத் தொடங்கினேன்.
தலை நன்றாக விழுந்தது.
பாதி வழியில் தூரிகை காய்ந்து
கோடு கீறல் கீறலாய் வெளுத்தது.
கிண்ணத்தில் இன்னும் அரைக் கரண்டி இருந்தது.
தொடவில்லை.

அதன் கீழே
பறக்கும் வெள்ளை என்றும் எழுதவில்லை.